சுங்கத்தில் ஒரு வெள்ளி அரைஞாண்

கிஃப்ட். ஃபார் சிஸ்டர்ஸ் பேபி. நாட் ஃபார் சேல். மெல்பர்ன் சுங்க வரிசையில் நின்ற பேச்சிமுத்துவின் தலைக்குள் அந்த மூன்று துண்டும் யாரும் கேட்காமலே ஓடிக்கொண்டிருந்தன. ஸ்டெல்லா டீச்சர் சொல்லிக் கொடுத்தது. கோவில்பட்டியில் அவன் நடத்துகிற டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டப் படித்தவர். மகன் மெல்பர்னில் இருப்பதால் ஒரு தடவை போய்வந்த அனுபவம் உண்டு. கிளட்ச்சை விடும்போது டீச்சருக்குக் காலெல்லாம் நடுங்கும், ஆனால் சுங்கத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டால் கலெக்டர்கூட எழுந்து நின்று கேட்க வேண்டியதுதான். அங்க பொய் மட்டும் சொல்லிராதீங்க சார், என்ன கேட்டாலும் இருக்குன்னு எடுத்துக் காட்டுங்க, நகைக்குப் பில்லைச் சாமானோடயே வைங்க, ஒரு சந்தேகம் வந்துச்சோ, பிடுங்கிக் குப்பையில போட்டுருவான், நம்ம கண்ணு முன்னாலயே போடுவான். ரிவர்ஸ் எடுக்கிற பாடம் முழுக்க இதே பேச்சு. பேச்சிமுத்து ஒரு காலைத் தன் பக்கத்து பிரேக்கில் வைத்துக்கொண்டு கிளிப்பிள்ளை மாதிரித் திருப்பிச் சொல்லுவான். கிஃப்ட். ஃபார் சிஸ்டர்ஸ் பேபி. நாட் ஃபார் சேல். டீச்சர் சிரிப்பார், விக்கிறதுக்கா கொண்டு போறீங்கன்னு அவன் கேட்டா மட்டும் அந்தக் கடைசியைச் சொல்லுங்க சார், நீங்களா முந்திக்கிட்டுச் சொன்னா சந்தேகப்படுவான். இப்போது வரிசை நகர்ந்தது. இவன் நகரவில்லை. பின்னால் நின்றவர் தள்ளுவண்டியால் மெல்ல இடித்தார், அப்புறம் நகர்ந்தான். விமானத்தில் அடைத்துக்கொண்ட வலது காது இன்னும் திறக்கவில்லை. சுற்றிலும் பேசுகிறதெல்லாம் தண்ணீருக்கு மேலே யாரோ பேசுகிற மாதிரிக் கேட்டது. நல்லதுதான் என்று நினைத்தான். அதுவும் நினைத்தானா என்று சொல்ல முடியாது, அந்த நினைப்பு வந்தது, போனது.

தங்கச்சி மாப்பிள்ளை ராஜவேல் போனில் கூப்பிட்டபோது பேச்சிமுத்து சென்னை ஏர்போர்ட்டில் பெட்டிகளைக் கொடுத்துவிட்டு உள்ளே போய்க் காப்பி வாங்கிக்கொண்டிருந்தான். மச்சான், புள்ள தங்கலை என்றார். அவ்வளவுதான் சொன்னார். காப்பிக்காரப் பையன் சர்க்கரை போடவா என்று கேட்டதற்குப் பேச்சிமுத்து போடு என்றான். பிறகு ராஜவேல் ஏதேதோ சொன்னார், வயிற்றுக்குள்ளேயே துடிப்பு நின்றுபோச்சு என்றார், பையன் என்றார், செண்பகத்துக்கு ஒன்றுமில்லை, நல்லாயிருக்கா என்றார், நல்லாயிருக்கா என்ற வார்த்தையில் குரல் உடைந்து லைன் போய்விட்டது. பேச்சிமுத்து காப்பியைக் குடித்தான். சர்க்கரை அதிகம். தங்கச்சிக்குப் பிள்ளை செத்துப் பிறந்திருக்கிறது, நமக்குச் சர்க்கரை அதிகமென்று தெரிகிறதே என்று ஒரு நிமிஷம் தன்மேலேயே அருவருப்பு வந்தது. அதுவும் நிற்கவில்லை. பிளேனில் தட்டு வந்தது, தின்றான். தட்டைக் கேட்டார்கள், கொடுத்தான். விமானம் தரையைத் தொட்டபோது காலடியில் இல்லாத பிரேக்கை வலது கால் அமுக்கியது. எத்தனை வருஷப் பழக்கம், யார் ஓட்டினாலும் இவன் கால் அமுக்கும், பஸ்ஸில் போனாலும் அமுக்கும். மனைவி காந்திமதி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். உங்க பக்கத்துல ஒரு பிரேக்கு இருந்தா உலகத்தையே நிறுத்திப்புடுவீங்க. நிறுத்தியிருப்பான்தான். எந்த இடத்தில் அமுக்கியிருக்க வேண்டும் என்பதுதான் தெரியவில்லை. கடையிலா, கடைக்குப் போகிற வழியிலா. அங்கே போய்த்தான் நினைப்பு சிக்கிக்கொள்கிறது, ஒவ்வொரு தடவையும் அங்கேயே.

பிறப்பதற்கு முன்னால் வாங்கக் கூடாது. இது அவனுக்குத் தெரியாததா? தொட்டில் துணிகூடப் பிள்ளை அழுத சத்தம் கேட்ட பிறகுதான் கிழிக்க வேண்டும் என்று காந்திமதி தலையால் அடித்துக்கொண்டாள். பேச்சிமுத்து கேட்கவில்லை. கேட்கவில்லை என்றால், ஏனென்று யோசித்துப் பார்த்தால், அம்மாவும் இல்லை அப்பாவும் இல்லை, செண்பகத்துக்கு இருக்கிற பிறந்த வீடு இவன் ஒருத்தன்தான், கடல் தாண்டிப் போய்ப் பார்க்கிறவன் வெறும் கையை வீசிக்கொண்டு போகிறதா, பிறந்தபிறகு வாங்கலாமென்றால் அந்த ஊரில் தாய்மாமன் சீருக்கு வெள்ளி அரைஞாண் எங்கே கிடைக்கும்? ஸ்கூலுக்கு லீவு விடுகிற தேதி, டிக்கெட் தேதி, டாக்டர் சொன்ன தேதி எல்லாம் ஒட்டி ஒட்டி வந்தன. அதனால் வாங்கினான். அரைஞாண், காப்பு, ஒரு சின்ன மோதிரம், கொசுவலைத் துணி மாதிரி மெல்லிசான சட்டைகள். அதனால் வாங்கினான் என்பதோடு அந்த யோசனை முடிந்துவிட வேண்டும், முடியவில்லை. வாங்கினான், அதனால்தானா? டாக்டர் ஏதோ ரத்த ஓட்டம் என்றாராம், அதெல்லாம் இவனுக்குப் புரிகிறது, பன்னிரண்டாம் வகுப்புப் படித்தவன்தானே. புரிந்தாலும் வெள்ளிக்கடைக்காரர் அந்த அரைஞாணை விரலில் தொங்கவிட்டு வெளிச்சத்தில் காட்டிய அந்த நிமிஷத்தைத் தாண்டி மனசு போகமாட்டேன் என்கிறது. அப்போது வயிற்றுக்குள் பிள்ளை இருந்தது. துடித்துக்கொண்டிருந்தது. இவன் நல்லாயிருக்கே, பேக் பண்ணுங்க என்றான். சென்னையிலேயே அடுத்ததாகக் காந்திமதியின் போன் வந்தது. மாப்பிள்ளை அவளுக்கும் சொல்லியிருந்தார். அழுதாள். அழுதுவிட்டு, இங்க பாருங்க, அந்தப் பெட்டிய செண்பகம் கண்ணுல காட்டிராதீங்க, தாங்கமாட்டா என்றாள். கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சினாள். இங்கயும் திருப்பிக் கொண்டாந்துராதீங்க, எடுத்த சீரு வாசப்படி தாண்டிட்டா மறுபடி ஏறக் கூடாது, உங்களுக்குத் தெரியாததா. தெரியும். அவர்கள் பக்கத்தில் அது அப்படித்தான். பாதி வழியில் கல்யாணம் நின்றுபோனால்கூடச் சீர்த்தட்டை வீட்டுக்குள் எடுத்து வரமாட்டார்கள், கோயிலில் இறக்கிவிட்டுத்தான் வருவார்கள். அங்கேயும் காட்டக் கூடாது, இங்கேயும் வரக் கூடாது. அப்புறம் அந்தப் பெட்டி எங்கே போகும்? பெட்டி பாட்டுக்கு விமானத்தின் வயிற்றில் மெல்பர்ன் வந்து சேர்ந்துவிட்டது. பெல்ட்டில் நைலான் கயிறு கட்டிய அட்டைப்பெட்டி வளைந்து வளைந்து வந்ததைப் பார்த்தபோது, வராமல் போயிருக்கக் கூடாதா என்று நின்றான். எத்தனை பேர் பெட்டி தொலைகிறது. இவன் பெட்டி தொலையவில்லை.

அப்போதுதான் சுங்கத்துக்குப் போகிற வழியில் ஒரு குப்பைத்தொட்டியைப் பார்த்தான். பழம், சாப்பாடு, செடி எல்லாவற்றுக்கும் மேல் சிவப்புக் கோடு போட்ட படம், இங்கேயே போட்டுவிடு, அபராதம் இல்லை என்கிற மாதிரி. ஒரு பெண் கைப்பையிலிருந்து ஆப்பிளை எடுத்துப் போட்டுவிட்டு நிம்மதியாக நடந்தாள். பேச்சிமுத்து பெட்டியோடு பக்கத்தில் போய் நின்றான். கயிற்றை அவிழ்க்கிறதுக்குக் கை போனது, முடிச்சைத் தொட்டது, அதற்குமேல் வரவில்லை. தாய்மாமன் கை. காது குத்தும்போது மடியில் வைக்கிற கை, அந்தக் கையால் மருமகன் அரைஞாணை எடுத்துக் குப்பையில் போடுகிறதா? முடியாது. வேறு யாராவது போடட்டும். அப்போதுதான் ஸ்டெல்லா டீச்சர் சொன்னது புதுசாகக் கேட்டது. பிடுங்கிக் குப்பையில போட்டுருவான். எத்தனை நாளாக அந்த ஒரு வாக்கியத்துக்குப் பயந்து கிடந்தான், பில்லை மடித்து நகை டப்பாவுக்குள் வைத்தான், விலையைக் குறைத்துச் சொல்லலாமா என்றுகூட யோசித்தான். இப்போது பிடுங்கட்டும். சர்க்கார் பிடுங்கினால் அது யார் குற்றமும் இல்லை, எந்த வாசப்படியிலும் ஏற வேண்டாம். விமானத்தில் கொடுத்த அட்டையில் ஒவ்வொரு கேள்விக்கும் இருக்கு, இருக்கு என்று டிக் அடித்தான், இல்லாததற்கும் சேர்த்து. போனைத் திறந்தபோது ராஜவேலின் செய்தி கிடந்தது. டிஸ்சார்ஜ் ஆயிட்டு மச்சான், ஏர்போர்ட்டுக்கு அவளும் வாறா, சொன்னா கேக்கமாட்டேங்கா. வெளியே, அந்தக் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவள் நிற்கிறாள். இந்தப் பக்கமே பெட்டி போய்விட வேண்டும். இந்தச் சுங்க மேஜையை விட்டால் வேறு இடம் இல்லை.

மேஜைக்குப் பின்னால் இருந்த பெண் சீருடையில் இருந்தாள், நெற்றியில் சின்னதாக ஒரு பொட்டு. பேச்சிமுத்து அட்டையை நீட்டினான். கிஃப்ட் என்றான். அவள் அட்டையைப் பார்த்தாள், பெயரைப் பார்த்தாள், முகம் மலர்ந்தது.

“தமிழோ அண்ணை? எல்லாத்துக்கும் ஓம் எண்டு போட்டிருக்கிறியள். என்ன கொண்டு வந்தனீங்கள்?”

யாழ்ப்பாணத்துப் பேச்சு. ஸ்டெல்லா டீச்சர் சொல்லித் தந்த மூன்று துண்டும் ஒரேயடியாக வேலையற்றுப்போயின. இங்கிலீஷில் சொல்வதென்றால் பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொல்லிவிட்டுப் போயிருப்பான். தமிழில் சொல்ல வேண்டும் என்றதும் ஒரே ஒரு வார்த்தைதான் வந்தது. “சாமான்” என்றான். கயிற்றை அவளே அறுத்தாள், கையுறை போட்ட கையால் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். நெய் பாட்டில். காந்திமதி கிண்டிய பிரசவ லேகியம், டப்பாவைத் திறந்ததும் சுக்கும் திப்பிலியும் வெல்லமும் கலந்த வாசனை கிளம்பியது. சொந்த வீட்டு அடுப்படியே வந்து நின்ற மாதிரி. பேச்சிமுத்து மூச்சை அடக்கிக்கொண்டான்.

“எங்கட ஆக்களும் பிள்ளைப்பெத்துக்குச் சரக்கு அரைச்சுக் குடுக்கிறவை. ஆனா வீட்டில செய்தது, விட ஏலாது அண்ணை. குறை நினையாதேங்கோ.”

“எடுத்துக்கோங்கம்மா.”

வசம்பு வளையலை எடுத்தாள், ஒதுக்கினாள். பனையோலைக் கிலுகிலுப்பையை எடுத்தபோது அது கிலுகிலுவென்றது. அடைத்த காதுக்குள் வேறு எதுவும் சரியாகக் கேட்காதபோது அந்தச் சத்தம் மட்டும் எப்படியோ நேராகப் புகுந்தது. “உதுக்குள்ள விதை கிடக்கு” என்று இன்னொரு தடவை ஆட்டிப் பார்த்தாள், ஆட்டாதேம்மா என்று வாய் வரைக்கும் வந்தது. கிலுகிலுப்பையும் மேஜையோரத் தொட்டிக்குள் போயிற்று. பேச்சிமுத்துவுக்கு உள்ளுக்குள் ஏதோ ஒன்று லேசாகியது. இப்படியே ஒவ்வொன்றாகப் போய்விடும், இன்னும் கொஞ்ச நேரம், அப்புறம் வெறும் பெட்டியை மடித்து எங்கேயாவது சொருகிவிட்டு வெறும் கையோடு அவள் முன்னால் போய் நிற்கலாம். எதுவும் கொண்டாரலைம்மா. கஸ்டம்ஸ்ல எடுத்துக்கிட்டான். அதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டான். நன்றாகத்தான் வந்தது.

“ஆருக்கு அண்ணை இதெல்லாம்?”

“தங்கச்சி புள்ளைக்கு.”

“பிள்ளை பிறந்திட்டுதோ?”

“பிறந்துட்டு.”

பொய் இல்லை. பொய் மட்டும் சொல்லிராதீங்க சார். “பெடியனோ?” என்றாள், ஆமா, பையன்தான் என்று தலையாட்டினான். “ஆரைப் போல இருக்கிறார்?” என்றாள். இருக்கிறாராம். பச்சைப்பிள்ளைக்கு யாழ்ப்பாணத்துக்காரர்கள் கொடுக்கிற மரியாதை. பேச்சிமுத்துவுக்கு அந்த முகம் தெரியாது. அப்படி ஒரு முகம் இருந்தது என்பதே அப்போதுதான் தோன்றியது. அதுவரைக்கும் அது ஒரு செய்தி, போனில் வந்த ஒரு வரி. அதற்கு மூக்கு, காது, தலையில் முடி எல்லாம் இருந்திருக்கும். அவள் பதிலுக்குக் காத்திராமல் வெள்ளிக்கடை டப்பாவைத் திறந்துவிட்டாள். அரைஞாணை எடுத்துப் பார்த்தாள், காப்பைப் பார்த்தாள், மோதிரத்தைத் தன் சுண்டுவிரல் நுனியில் வைத்துப் பார்த்துச் சிரித்தாள். எல்லாவற்றையும் பழையபடி டப்பாவுக்குள் வைத்து மூடி, பெட்டிக்குள் வைத்தாள்.

“இதுகளுக்கு ஒண்டும் இல்லை அண்ணை. பரிசுச் சாமான்தானே. தீர்வை கட்டத் தேவையில்லை. கொண்டு போங்கோ.”

கொண்டு போங்கோ. பேச்சிமுத்து நகரவில்லை. “அது வெள்ளிம்மா” என்றான். தெரியும் என்றாள். “ரொம்ப விலை” என்றான். எவ்வளவு என்று கேட்டாள். வாய்க்கு வந்த ஒரு தொகையைச் சொன்னான், அதற்கு அரைஞாண் அல்ல, ஆறு பவுனில் அட்டிகையே வாங்கலாம். அந்த மேஜையில் எத்தனையோ பேர் விலையைக் குறைத்துப் பொய் சொல்லியிருப்பார்கள், ஏற்றிப் பொய் சொன்னவன் இவன் ஒருத்தனாகத்தான் இருப்பான். அவள் சிரித்தாள். “பில் இஞ்ச டப்பாவுக்குள்ளயே கிடக்குதே அண்ணை, ஏன் பயப்பிடுறியள்?” டீச்சர், டீச்சர், உங்க பில்லு. அவன் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். பின்னால் வரிசை முணுமுணுத்தது. என்னென்னவோ சொல்லலாம், ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், இந்தப் பெண் நல்லவள், புரிந்துகொள்வாள். அந்த வார்த்தையை அவன் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. காந்திமதிக்குக்கூட மாப்பிள்ளைதான் சொன்னார். தன் வாயால் சொன்னால்தான் அது நடந்ததாக ஆகும் என்கிற மாதிரி அது உள்ளேயே உட்கார்ந்திருந்தது. வந்ததெல்லாம் வேறு. “நீங்களே வச்சுக்கோங்கம்மா” என்றான். டப்பாவை எடுத்து அவள் பக்கம் தள்ளினான். “உங்க வீட்டுப் புள்ளைக்குப் போடுங்க.”

அவள் முகம் சட்டென்று மாறியது. குரலைத் தாழ்த்தினாள். “அண்ணை, உப்பிடிக் கதையாதேங்கோ. மேல கமரா இருக்கு. லஞ்சம் குடுக்கிறியள் எண்டு எழுதினால் உங்களைத் திருப்பி அனுப்பிப்போடுவினம்.” டப்பாவை இரண்டு விரலால் தள்ளி அவன் பக்கமே வைத்தாள். திருப்பி அனுப்பினால் தானும் பெட்டியும் ஒன்றாகத்தான் ஊர் போய்ச் சேரும் என்று அவனுக்கு ஓடியது. பிறகு அவள் முகத்தைப் பார்த்து, முன்பின் தெரியாதவனுக்கு இவ்வளவு நேரம் தயவு காட்டினவளைச் சங்கடப்படுத்திவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது. தப்பா நினைச்சுக்காதீங்கம்மா என்றான். அவள் இளகினாள். பெட்டிக்கு டேப் ஒட்டி, புதுக்கயிறும் கட்டிக் கொடுத்தாள், “மருமகனுக்கு என்ர வாழ்த்தையும் சொல்லுங்கோ” என்றாள். சொல்லுதேன் என்றான். கண்ணாடிக் கதவு அவனைப் பார்த்ததும் தானாகத் திறந்துகொண்டது.

வெளியே கம்பித் தடுப்பை ஒட்டிச் செண்பகம் நின்றாள். ராஜவேலின் பெரிய குளிர்ச்சட்டை அவள் முழங்கால் வரை தொங்கியது, வயிறு இன்னும் வற்றவில்லை. ராஜவேல் அவள் முழங்கையைப் பிடித்திருந்தார். அண்ணனைக் கண்டதும் ஓடி வருவாள், கட்டிக்கொண்டு அழுவாள் என்று இவன் எதிர்பார்த்திருந்தான், அந்த அழுகையோடு தனக்கும் ஏதாவது வரும் என்று நம்பியிருந்தான். அவள் அழவில்லை. அவன் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. அவள் கண் தள்ளுவண்டியில் இருந்த அட்டைப்பெட்டி மேல் இருந்தது.

“அண்ணே, அரைஞாண் கொண்டாந்தியா?”

அவன் சொல்லிப் பழகியதைச் சொன்னான். “இல்லம்மா. கஸ்டம்ஸ்ல எடுத்துக்கிட்டான்.”

செண்பகம் தலையாட்டினாள். மறுபடியும் தலையாட்டினாள். அப்புறம் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே குனிந்துவிட்டாள், ராஜவேல் இரண்டு கையாலும் தாங்கினார். “நாளைக்குத்தான் மச்சான் அடக்கம்” என்றார் ராஜவேல். “நேத்தே முடிச்சிரலாம்னாங்க. இவதான், எங்க அண்ணன் சீரோட வாரான், அம்மணமா புள்ளைய மண்ணுல வைக்க விடமாட்டேன்னு ஆஸ்பத்திரியில நிப்பாட்டி வச்சிருக்கா. இங்க கடை கடையாப் பார்த்துட்டோம்.”

பேச்சிமுத்து அங்கேயே, போகிறவர்கள் வருகிறவர்கள் நடுவில், பெட்டியைத் தரையில் இறக்கி உட்கார்ந்துவிட்டான். சற்றுமுன் அந்தப் பெண் கட்டிய முடிச்சு. நகம் மடங்கியது, பல்லால் கடித்து இழுத்தான். டேப் கிழிந்தது, சின்னச் சட்டைகள் வெளியே சரிந்தன, டப்பாவை எடுத்துத் திறந்து அரைஞாணை அவள் கையில் வைத்தான். இருக்கு, இருக்கு, பொய் சொன்னேன்ம்மா என்று சொன்னானா, சொல்ல நினைத்தானா, தெரியவில்லை. செண்பகம் அதை வாங்கிக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். வெகுநேரம் வைத்திருந்தாள்.

“நீ முன்னாலயே வாங்கி வச்சது நல்லதாப் போச்சுண்ணே” என்றாள்.

பிறகு அதைத் தன் முன்கையில் சுற்றிப் பார்த்தாள், பிள்ளையின் இடுப்பளவு அவளுக்குத் தெரிந்திருந்தது. முகம் வாடியது. “பெருசா இருக்கே. நழுவிரும்லா?”

வளர வளர விட்டுக்கொள்ளட்டும் என்று கடைக்காரர் கொக்கி மாட்ட வரிசையாகச் சின்ன வளையங்கள் வைத்திருந்தார். பேச்சிமுத்து அவள் கையைப் பிடித்து, உள்ளே தள்ளியிருந்த முதல் வளையத்தைத் தேடி விரல் வைத்துக் காட்டினான். “இதுல மாட்டுவோம்மா, சரியா இருக்கும்” என்று சொல்லும்போதே அவனுக்கு அழுகை வந்துவிட்டது.